விரலுக்குத் தெரியும்: கரம் பழக வரும் பிள்ளைகளுக்கு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டு மேல்மாடியில், சனிக்கிழமை பின்னேரங்களில் நாலு கரம் போட்களைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். பிள்ளைகள் வருகிறார்கள். கொண்டுவந்து விடும் தாய்தகப்பன் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கரம்தானே ஐயா, அதில பழக என்ன இருக்கு?"

கேள்வியில் பிழை இல்லை. கொழும்பில் கரம் போட் இல்லாத வீடு குறைவு. மழை, பள்ளிக்கூட விடுமுறை, ஊரடங்கு, மின்வெட்டு என்று எது வந்தாலும் அலுமாரிக்குப் பின்னாலிருந்து போட் வெளியே வரும். ஆனால் விதிகளை முழுதாக வாசித்த வீடு ஒன்றையும் நான் இன்னும் காணவில்லை. கண்ணால் பார்த்துப் பழகிய விளையாட்டு இது. பார்த்தவர் பிழையாக ஆடியிருந்தால் பிழையும் சேர்ந்தே வரும்.

நான் பழகியது கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில். ஒன்பது வயதில், பெரியவர்கள் ஆடும் போட்டுக்குப் பவுடர் தூவிக் கொடுக்கும் பொடியனாகத் தொடங்கினேன். இப்போது எழுபது வயது. சுவரில் ஒட்டுவதற்குப் பத்து வரி எழுதலாம் என்று இருந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. பொறுமையாக வாசியுங்கள்.

1. உட்காருமுன் விதியைப் பேசி முடியுங்கள்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் போட் ஒரு சலூனுக்கு முன்னால், எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றின் மேல் இருக்கும். சலூன்கார அண்ணர் தமிழ். தேத்தண்ணிக் கடை நானா முஸ்லிம். துறைமுகத்தில் வேலை முடித்து வரும் இரண்டு பேர் சிங்களம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்களில் எல்லா மொழிக்காரரும் இருப்பார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வீட்டு விதியில் வளர்ந்தவர்கள். ஒருவருக்குக் கறுப்புக் காய் ஒரு விலை, வெள்ளை வேறு விலை. இன்னொருவருக்குச் சிவப்பைக் கடைசியில்தான் போடலாம். மற்றவருக்குப் பெருவிரலால் அடித்தால் குற்றம். அந்தப் பீப்பாயைச் சுற்றி நான் பார்த்த சண்டைகள் எல்லாமே ஆட்டத்தின் நடுவில் "எங்கட பக்கத்தில அப்பிடி இல்ல" என்ற ஒரு வசனத்தில் தொடங்கியவை. கடைசியில் நானா ஒருநாள் கரித்துண்டை எடுத்துச் சலூன் சுவரில் ஐந்து விதியைத் தமிழில் எழுதி, சிங்களத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். வருடா வருடம் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோதெல்லாம் அந்த ஐந்து வரியை மட்டும் விட்டுவிட்டு அடித்தார்கள்.

வீட்டில் எந்த விதியிலும் ஆடுங்கள், ஆனால் முதலிலேயே கேளுங்கள். இந்த அறையில் நாம் ஆடுவது சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதி. அந்தச் சம்மேளனம் 1988இல் சென்னையில் தொடங்கியது. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. முதலில் உடைப்பவருக்கு வெள்ளை. தன் காய் முழுவதையும் முதலில் போட்டு முடித்தவர், எதிராளியின் காய் பலகையில் எத்தனை மிஞ்சுகிறதோ அத்தனை புள்ளி எடுப்பார். சிவப்பும் அவர் பக்கம் என்றால் இன்னும் மூன்று. ஆகவே ஒரு சுற்றில் பன்னிரண்டுக்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. 25 புள்ளியை முதலில் தொட்டவருக்கு ஆட்டம். எட்டுச் சுற்றிலும் யாரும் தொடாவிட்டால் முன்னால் நிற்பவருக்கு ஆட்டம். மூன்று ஆட்டத்தில் இரண்டு வென்றவருக்கு மெச். இதற்கு மேல் சந்தேகம் இருந்தால் ஆட்டத்துக்கு முன்னால் என்னிடம் கேளுங்கள். நடுவில் கேட்டால் பதில் சொல்லமாட்டேன்.

2. கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். நகத்தையும் வெட்டுங்கள்.

வடை தின்ற விரலோடு பலகையில் கை வைத்தால் அந்த இடத்தில் காய் நின்றுவிடும். அடுத்த வாரம் வரைக்கும் நிற்கும். நகம் நீண்டிருந்தால் ஸ்ட்ரைக்கரில் படுவது சதையா நகமா என்று உங்களுக்கே தெரியாது, ஒரே அடி இரண்டு தரம் ஒரே இடத்துக்குப் போகாது.

3. பவுடரைக் கொட்டாதீர்கள்.

இது கடற்கரை ஊர். உப்புக் காற்றில் பலகை ஈரம் குடிக்கும், பவுடர் கட்டி பிடிக்கும். பிள்ளைகள் உடனே இன்னும் கொஞ்சம் கொட்டுகிறார்கள். கொட்டக் கொட்டக் காய் மெத்தையில் ஓடுவதுபோல் ஓடும். முதலில் உலர்ந்த பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். துடைத்தபின் இரண்டு சிட்டிகை போதும். துணியாலேயே பரப்புங்கள், வாயால் ஊதாதீர்கள். ஊதினால் எச்சிலும் போகும், எதிரே இருப்பவரின் கண்ணுக்குள் பவுடரும் போகும்.

போட்டிக்குப் பாவிப்பது போரிக் பவுடர். அது சாப்பாட்டுச் சாமான் அல்ல. விளையாடி முடிந்ததும் கை கழுவாமல் ஒன்றையும் வாயில் வைக்கக்கூடாது. சின்னத் தம்பி தங்கச்சி இருக்கும் வீட்டில் டப்பாவை உயரத்தில் வையுங்கள். முகத்துக்குப் போடும் வாசனைப் பவுடரைப் பலகையில் போடாதீர்கள். நாங்கள் சின்ன வயதில் கோதுமை மாவே போட்டிருக்கிறோம். அடுத்த நாள் காலையில் பலகை முழுக்க எறும்பு. சலூன்கார அண்ணர் எங்களை ஒரு வாரம் கிட்டவும் விடவில்லை.

4. கதிரையில் இருந்தால் இருந்ததுதான்.

பலகை தரையிலிருந்து 63 முதல் 70 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கவேண்டும் என்பது கணக்கு. உங்கள் கதிரையை ஆட்டத்துக்கு முன்னால் சரிபண்ணிக்கொள்ளுங்கள். தொடங்கியபின் அடிக்கு அடி கதிரையை இழுப்பதும், அரைவாசி எழும்பி வளைந்து அடிப்பதும் விதிக்கும் ஆகாது, பார்க்கவும் வடிவில்லை. வளைந்து அடித்துப் பழகியவர்கள் பெரிய போட்டியில் நடுவர் "இருங்கள்" என்றவுடன் கை கட்டுப்பட்டதுபோல் ஆகிவிடுவார்கள். முதல் நாளிலிருந்தே இருந்து பழகுங்கள்.

5. ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது அவசரம் வேண்டாம்.

உங்கள் முன்னால் இரண்டு கோடு இருக்கிறது. ஸ்ட்ரைக்கர் இரண்டையும் தொடவேண்டும். கோட்டின் இரண்டு முனையிலும் சிவப்பு வட்டம் இருக்கிறது. அந்த வட்டத்தில் வைப்பதென்றால் முழுவதையும் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் தொடாமல் விலக்கி வையுங்கள். பாதி மூடி வைத்து அடித்தால் குற்றம். புதிதாக வருகிறவர்களிடம் நான் அதிகமாகக் காண்கிற குற்றம் இதுதான், பெரும்பாலும் தெரியாமல் செய்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். போட்டிப் பலகையின் குழி 4.45 சென்ரிமீற்றர் அகலம். ஸ்ட்ரைக்கர் கூடினால் 4.13. வித்தியாசம் மூன்று மில்லிமீற்றரும் சொச்சமும். பலகையின் ஒரு பக்கம் 74 சென்ரிமீற்றர். அவ்வளவு தூரம் ஓடிப்போய் அந்த மூன்று மில்லிமீற்றருக்குள் நடக்கும் விளையாட்டு இது. வைக்கும் இடத்தில் ஒரு மயிரிழை மாறினால் போய்ச் சேரும் இடத்தில் ஒரு விரல் மாறும். எங்கள் சலூன் பலகையின் குழிக்குள் ஒரு சின்ன எலுமிச்சம்பழமே போகும். அதில் ராசாவாக இருந்த நான் முதல்முதல் போட்டிப் பலகைக்கு முன்னால் இருந்தபோது, முதல் இருபது நிமிடத்தில் மூன்று காய்தான் போட்டேன்.

வைப்பதற்கு நேரம் எடுக்கலாம், ஆனால் எல்லை உண்டு. உங்கள் முறை வந்தால் 15 விநாடிக்குள் அடிக்கவேண்டும். கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது இந்த அறையின் கண்ணாடி அதிரும். அந்த நேரத்தில் மட்டும் நாம் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு நிறுத்துகிறோம். அது இந்த அறைக்குரிய ஒப்பந்தம், வேறு இடத்தில் கேட்காதீர்கள்.

6. அடியுங்கள், தள்ளாதீர்கள்.

எல்லாவற்றிலும் நீளமாக எழுதவேண்டியது இதைத்தான்.

விரல் ஸ்ட்ரைக்கரைத் தட்டிவிட்டு நிற்கவேண்டும். விரல் ஸ்ட்ரைக்கரோடு சேர்ந்து ஒரு சாண் போனால் அது தள்ளுதல். தள்ளினால் ஸ்ட்ரைக்கருக்கு வழி காட்டிக்கொண்டே போகலாம், குறி தப்பாது. அதனால்தான் அது குற்றம். ஆனால் அடிக்கும் தள்ளலுக்கும் இடையில் இருப்பது ஒரு கண்சிமிட்டு. எதிராளிக்குச் சந்தேகம் வரும், நடுவருக்குச் சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. உங்களுக்கு எப்போதும் தெரியும். அடித்த விரலில் ஒரு சுரீர் இருக்கும், தள்ளிய விரலில் அது இருக்காது.

நான் தள்ளியிருக்கிறேன். 1976ஆம் ஆண்டு, எனக்கு இருபத்தொரு வயது, கொழும்பில் ஒரு மண்டபத்தில் நடந்த போட்டியின் கால் இறுதி. எதிரே இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வெள்ளவத்தைக்காரர், அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். மூன்றாவது ஆட்டம், ஏழாவது சுற்று. எனக்கு ஒரு காய் மிச்சம், குழிக்கு முன்னால் அவருடைய காய் அரைவாசி மறைத்துக்கொண்டு நிற்கிறது. மெல்லத் தட்டினால்தான் போகும், மெல்லத் தட்டினால் வழியிலேயே நின்றும்விடும். தள்ளினேன். காய் விழுந்தது. நடுவர் புள்ளியை எழுதினார். எதிரே இருந்தவர் என் விரலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மெச் முடிந்து கை கொடுத்தபோது, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "தம்பி, அது தள்ளினதுதானே?"

"இல்லை அண்ணை" என்றேன்.

அரை இறுதியில் தோற்றேன். அந்தத் தோல்வியின் ஒரு அடிகூட இன்று ஞாபகம் இல்லை. அந்த "இல்லை அண்ணை" மட்டும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

ஆகவே இந்த அறையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். தள்ளினது என்று உங்களுக்குத் தெரிந்தால், யாரும் கேட்குமுன் கையைத் தூக்கி "என்ர பிழை" என்று சொல்லுங்கள். முறை போகும், ஒரு காய் திரும்பி வரும், அவ்வளவுதான். முதல் தரம் சொல்வது கஷ்டமாக இருக்கும். மூன்றாவது தரத்துக்குப் பிறகு நாக்கு தானாகச் சொல்லும்.

7. எல்லாம் நிற்கும் வரைக்கும் பொறுங்கள்.

கடைசிக் காய் ஓடி முடியுமுன் ஸ்ட்ரைக்கரை எடுக்கக்கூடாது. உங்கள் முறை முடிந்ததென்றால் ஸ்ட்ரைக்கரை ஒழுங்காக எதிராளியின் பக்கம் நகர்த்திக் கொடுங்கள், எறியாதீர்கள். உலகத்தில் பலகை விளையாட்டுக்கு இருப்பவர்கள் எல்லோரும் இந்த விடயத்தில் கறாரானவர்கள். சதுரங்கத்தில் தொட்ட காயை ஆடியே தீரவேண்டும். பகடை உருட்டும் பாக்கெமன் என்ற விளையாட்டில், காய் நகர்த்தியவர் தன் பகடைகளைக் கையில் எடுத்தால் அவர் முறை முடிந்தது என்று அர்த்தம், பிறகு நல்ல நகர்த்தல் ஞாபகம் வந்தாலும் திருத்த முடியாது. பகடை சாய்ந்து நின்றால் மறுபடி உருட்டவேண்டும், "ஆறுபோலத்தான் தெரியுது" என்பதெல்லாம் எடுபடாது. எங்கள் வீட்டுத் தாயத்தில் கட்டையை உருட்டிவிட்டுக் கையால் மெல்லத் தட்டிவிடும் பெரியம்மாவை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவவோடு போட்டிக்குப் போகமுடியாது.

8. சிவப்பு.

ஒரு காயாவது போட்டபின்தான் சிவப்பைப் போட உரிமை. போட்டால் அதே அடியிலோ அடுத்த அடியிலோ உங்கள் காய் ஒன்றைப் போட்டு மூடவேண்டும். மூடாவிட்டால் அது நடுவுக்குத் திரும்பும், அதை வைப்பவர் எதிராளி. பலகையில் சிவப்பு நிற்கும்போது உங்கள் கடைசிக் காயைப் போட்டுவிட்டீர்களோ, அந்தச் சுற்று உங்களுக்கு இல்லை. ஆகையால் ஏழு, எட்டுக் காய் போன பிறகு சிவப்பை மறந்து ஆடாதீர்கள்.

இன்னொன்று. சிவப்பின் மூன்று புள்ளி, நீங்கள் 21இல் நிற்கும் வரைக்கும்தான். 22ஐத் தொட்டுவிட்டால் அதைப் போட்டாலும் உங்களுக்குப் புள்ளி இல்லை, ஆனால் எதிராளிக்கு அது போகாமல் தடுக்கலாம். இந்தக் கட்டத்தில்தான் விளையாட்டு மாறும். அதுவரை சிவப்பைத் தேடி ஓடியவர் இப்போது அதை எதிராளிக்குக் கிடைக்காத மூலையில் ஒதுக்கி வைக்கப் பார்ப்பார். இதைக் கள்ள விளையாட்டு என்று ஒரு தங்கச்சி போன மாதம் அழுதா. கள்ளம் இல்லை, பிள்ளை. காயைப் போடுவது பாதி, எதிராளியின் வழியைக் கட்டுவது மற்றப் பாதி. அதையும் பழகுங்கள். ஆனால் சிவப்பைப் போட்டவுடன் எழும்பிக் கத்துவதைப் பழகாதீர்கள்.

9. ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தால் முகத்தைச் சுளிக்காமல் கட்டுங்கள்.

முறை போகும். போட்ட காயில் ஒன்றை எடுத்துக் கொடுக்கவேண்டும். அதை நடு வட்டத்துக்குள் எங்கே வைப்பதென்று எதிராளி முடிவு செய்வார். அவருக்குப் பிடித்த இடத்தில்தான் வைப்பார், உங்களுக்குக் கஷ்டமான இடத்தில்தான் வைப்பார். "கொஞ்சம் இங்கால" என்று விரல் நீட்டாதீர்கள். போட ஒரு காயும் இல்லாத நேரத்தில் குற்றம் செய்தால் அது கடனாக நிற்கும். முதல் காய் விழுந்ததும், எதிராளி மறந்திருந்தாலும், நீங்களே எடுத்து வையுங்கள்.

எதிராளியின் காயைத் தவறிப் போட்டால் அது அவருக்கே. முறையும் போகும். "நன்றி" என்று அவர் பகிடியாகச் சொன்னாலும் கோபிக்கக்கூடாது, சொல்கிறவரும் ஒரு தரத்தோடு நிறுத்தவேண்டும்.

10. வாயை மூடுங்கள்.

ஆடுகிறவர் நடுவரோடு மட்டும் பேசலாம். இரட்டையர் ஆட்டத்தில் சோடிக்காரருக்கு ஒரு சொல், ஒரு இருமல், ஒரு கண் சாடைகூட ஆகாது. அவருக்கு முன்னால் இருக்கும் காயைப் பற்றி அவரே யோசிக்கட்டும். பார்க்கிறவர்களுக்கு இதைவிடக் கடுமை. "அந்தக் கறுப்பை வெட்டு, அந்தக் கறுப்பை" என்று பின்னால் நின்று சொல்கிறவர் உதவி செய்யவில்லை, இரண்டு பேரின் ஆட்டத்தையும் களவெடுக்கிறார். கொட்டாஞ்சேனையில் நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம், பத்துப் பேர் சுற்றி நின்று பத்து விதமாகச் சொல்வார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது உண்மை. ஆனால் அங்கிருந்து பெரிய போட்டிக்குப் போன பலர், சத்தம் இல்லாத மண்டபத்தில் தங்கள் மூச்சே கேட்கப் பயந்துபோய்த் தோற்றதைக் கண்டிருக்கிறேன். சத்தமில்லாமல் ஆடுவதும் பழக்கத்தால்தான் வரும்.

11. காசு வைத்து ஆடாதீர்கள்.

ஒரு ரொட்டிக்கும் வேண்டாம், ஒரு பிளேன் டீக்கும் வேண்டாம். பாக்கெமனில் பந்தயத்தை இரட்டிப்பாக்குவதற்கென்றே ஒரு கட்டை 1920களில் நியூயோர்க்கில் வந்தது. அங்கே அது விளையாட்டின் நுட்பமாகவே வளர்ந்துவிட்டது. எங்கள் கொட்டாஞ்சேனையில் அப்படி நுட்பம் ஒன்றும் வளரவில்லை. காசு வந்த கிழமையிலிருந்து கையைத் தூக்கிப் பிழையை ஒப்புக்கொள்பவர் ஒருவரும் இல்லாமல் போனார். துறைமுகக் கூலி வாங்கிய அன்றே முழுவதையும் பீப்பாயில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்து நின்றவரை என் கண்ணால் கண்டேன். நானாதான் அவரைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டார். அடுத்த நாள் பீப்பாய் இருந்தது, பலகை இல்லை. மூன்று மாதம் நானா அதைத் தன் கடைக்குள் பூட்டி வைத்திருந்தார்.

12. பிள்ளைகள் என்றால் பெண்பிள்ளைகளும்தான்.

இதைத் தாய்தகப்பன் வாசிக்கவேண்டும். "பெடியங்கள் ஆடுற இடம்தானே" என்று சொல்லி, நல்ல கை உள்ள மூன்று பிள்ளைகளை இந்த அறையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு எரிந்தது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் பெண்கள் தனியாட்டம், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் எடுத்தவர் வடசென்னைப் பிள்ளை காசிமா. தகப்பன் ஓட்டோ ஓட்டுகிறவர். வடசென்னையும் எங்கள் கொட்டாஞ்சேனை மாதிரித் துறைமுகத்தை ஒட்டிய இடம், நெருக்கமான வீடுகள், தெருவோரத்தில் போட். சென்னைக்காரரான மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக சம்பியன் ஆனார். இந்தியா அவருக்கு அர்ச்சுனா விருது கொடுத்தது. கரத்துக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்தது என்று வானொலியில் கேட்ட நாளில் நான் என் ஸ்ட்ரைக்கரை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

எங்கள் நாட்டுக்கும் குறைவில்லை. 2012இல் கொழும்பிலேயே நடந்த உலக சம்பியன் போட்டியில் ஆண்கள் தனியாட்டத்தை வென்றவர் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ. அடுத்த தெருவில் ஆடுகிற ஒருவர் உலகத்தை வெல்ல முடியும் என்று அந்த வருடம் ஒழுங்கைப் பொடியன்கள் எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பெண்பிள்ளைகளுக்கும் வரவேண்டும். வாசல் பக்கத்து இரண்டு போட்களும் அவர்களுக்குத்தான், விளக்கும் அங்கேதான் நல்லது. கூட வரும் தாய்மாருக்குக் கதிரை போட்டிருக்கிறேன்.

13. தோற்றால் முதலில் கை நீட்டுகிறவர் நீங்களாக இருங்கள்.

கையெழுத்து வைக்குமுன் புள்ளித் தாளை வாசியுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் புள்ளியை வாய்விட்டுச் சொல்லி எதிராளியிடம் ஒப்புக்கொள்ளுங்கள், ஆட்டம் முடிந்தபின் விரல் விட்டு எண்ணுவதில் பிரயோசனம் இல்லை. வென்றவர் தோற்றவரின் நல்ல அடி ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம். பொய்யாகச் சொல்லவேண்டாம். ஒரு மெச்சில் நல்ல அடி ஒன்றாவது இருக்கும், அதைக் கவனித்திருக்கவேண்டும்.

14. உங்கள் ஸ்ட்ரைக்கரை உங்களோடு வைத்திருங்கள்.

15 கிராமுக்கு மேல் போகாத சின்னப் பொருள். ஆளுக்கு ஆள் கை வேறு, கைக்குப் பழகிய ஸ்ட்ரைக்கர் ஒன்று இருந்தால் பலகை மாறினாலும் பாதிப் பயம் போய்விடும்.

1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. போட் எரிந்தது, அம்மாவின் தையல் மெசின் எரிந்தது, படங்கள் எரிந்தன. அகதி முகாமாக மாறிய ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இறங்கியபோது என் காற்சட்டைப் பைக்குள் ஸ்ட்ரைக்கர் இருந்தது. எப்போது எடுத்துப் போட்டேன் என்று தெரியாது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தண்ணீர்க் குழாய் வரிசையில், எனக்கு முன்னால் வாளியோடு நின்றவர் திரும்பினார். 1976இல் எனக்கு எதிரே இருந்த அதே ஆள். தலை நரைத்திருந்தது. மனுசியும் இரண்டு பிள்ளைகளும் வகுப்பறை வாங்கின் கீழே படுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் என் பெயரைச் சொன்னார். நான் நலம் விசாரிக்கவேண்டும், வீடு என்னானது என்று கேட்கவேண்டும். வாயில் வந்தது வேறு.

"அண்ணை, அண்டைக்கு அது தள்ளினதுதான்."

அவர் ஒரு நிமிடம் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த வாரம் முழுவதும் அந்த முகாமில் நான் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான். "தெரியும் தம்பி, தெரியும்" என்று சொல்லி என் வாளியைத் தன் வாளிக்கு முன்னால் வைத்தார். பையிலிருந்த ஸ்ட்ரைக்கரை எடுத்துக் காட்டினேன். வாங்கி விரலால் ஒரு தரம் சுண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். சில நாளில் வடக்குக்குப் போன கப்பலில் குடும்பத்தோடு ஏறிப்போனார். பிறகு காணவில்லை.

அந்த ஸ்ட்ரைக்கர் ஓரம் தேய்ந்துவிட்டது, போட்டிக்கு ஆகாது. கேட்டால் காட்டுவேன்.

15. பலகையை மூடி வையுங்கள்.

ஆடி முடிந்ததும் பவுடரைத் துடைத்து, காயை எண்ணி, பத்தொன்பது இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் போட்டு, துணியால் மூடுங்கள். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். கடற்பக்க யன்னலைத் திறந்து வைத்தால் இரவு முழுக்க உப்புக் காற்று குடிக்கும். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாத நாட்களில் பிள்ளைகள் சட்டத்தில் மெழுகுதிரி ஒட்டிவைத்து ஆடினார்கள். ஆசை எனக்கு விளங்குகிறது, அதனால் அன்று ஏசவில்லை. ஆனால் மெழுகு பட்ட இடத்தை எடுக்க எனக்கு நாலு நாள் போனது, இன்றைக்கும் இரண்டாவது போட்டின் இடப்பக்க மூலையில் காய் கொஞ்சம் தயங்கித்தான் போகும். மின்சாரம் போனால் ரோர்ச்சை மேலே கட்டித் தொங்கவிடலாம், கயிறு அலுமாரியில் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நாலரைக்கு. நகம் வெட்டிக்கொண்டு வாருங்கள்.